முகத்தைத் தவிர

அந்த வகுப்புக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் அந்த வகுப்பைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வருடம் முழுவதும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே வந்ததில்லை.

புகைப்படக் கலை சொல்லித்தர வந்த அவளுக்குப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்தரி. காரணம், அவள் கையோடு கொண்டுவரும் இரண்டு கறுப்பு அட்டைகள். ‘ட’ எழுத்தைப் போல வெட்டிய அந்த அட்டைகளைப் பிள்ளைகள் கொண்டுவந்த படத்தின் மேல் வைத்து, நான்கு பக்கமும் நெருக்கிக்கொண்டே வருவாள். வானம் போகும், மரம் போகும், ஆசை ஆசையாக நிற்கவைத்து எடுத்த அத்தை மகள் போவாள். கடைசியில் தபால்தலை அளவுக்கு ஏதாவது மிஞ்சினால் அது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். “இதுதான் படம். மத்ததெல்லாம் உங்க அப்பா காசு” என்பாள். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அட்டைகளை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

செய்தித்தாள் ஒன்றில் பல வருடம் படம் எடுத்தவள். அப்படிப்பட்டவள் வகுப்பில் ஒரு தடவைகூடக் கேமராவைக் கண்ணருகே தூக்கியதில்லை. சமையல் சொல்லித்தர வந்தவள் அடுப்புப் பக்கமே போகாததைப் போலத்தான் இது. தூக்காததற்குக் காரணம் திமிர் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவள் அப்படி நினைக்கவிட்டாள். திமிர் என்று பேர் வாங்குவது எவ்வளவோ தேவலை.

உண்மை என்னவென்றால் அவளுக்குக் கை நடுங்கும். சும்மா மடியில் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. எதையாவது தூக்கினால் ஆடும். அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான். மனிதர் வீடு வாசல் எதையும் விட்டுப்போகவில்லை, இதை மட்டும் மறக்காமல் மகளுக்கு விட்டுப்போனார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இது போகவும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்திரிகையில் படங்கள் கலங்கி வரத் தொடங்கியபோது அவள் ஒரு வருடம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்கோ ஆட்டம் நிற்கவில்லை, அதனால் லென்ஸ் கோணல். யாராவது கண்டுபிடிப்பதற்குள் தானாகவே வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தம்பி தங்கமானவன். தம்பி மனைவியும் நல்லவள்தான், அதுதான் கஷ்டமே. சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர் வைப்பாள், இவளுக்கு மட்டும் ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளர். “அண்ணி, உங்களுக்கு இதுதான் வசதி” என்பாள். குரலில் குத்தல் இருந்தால் திருப்பிக் குத்தலாம். இரக்கத்தை என்ன செய்வது? இரண்டு வருடம் அந்தப் பச்சை டம்ளரில் தண்ணீர் குடித்தாள். இந்தப் பள்ளியில் வேலை கிடைத்ததும் ஒரு பூட்டுக்கடைக்கு மேலே வாடகைக்கு அறை பிடித்தாள். முதலில் வாங்கிய சாமான் கண்ணாடி டம்ளர்கள். ஒன்றை அறையில் வைத்துக்கொண்டாள், ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர் சிந்தினால் சிந்தட்டும், துடைப்பது அவள் பாடு.

படம் எடுத்துக் காட்ட முடியாத ஆசிரியை என்ன செய்வாள்? வேலை கொடுப்பாள். ஒரு தெருவைச் சத்தம் கேட்கிற மாதிரி எடுத்து வா என்பாள். கோபத்தை எடு, ஆனால் ஆள் இருக்கக்கூடாது என்பாள். பிள்ளைகள் அலைந்தார்கள், அவள் அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். இதைப் பார்த்து முதல்வர் அம்மாள் பூரித்துப்போனார். பள்ளியின் விளம்பரத் தாளில் ‘படைப்பூக்கக் கல்வி’ என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். வருட முடிவில் ஒரு கண்காட்சி, அதில் நடுச்சுவரில் மாட்டும் படம் மாணவர் போட்டிக்குப் போகும், அது நன்றாக நடந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். முடிவைக் கண்காட்சியன்று சொல்வதாகச் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் பூட்டுக்கடை மாடி. இல்லாவிட்டால் பச்சை டம்ளர். அவளுக்கு வாழ்க்கை அவ்வளவு சுருக்கமாகிவிட்டிருந்தது.

வகுப்போடு பகை முற்றியதற்குக் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் காரணம். கத்தரி அவளுக்கு மனதுக்குள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. வருடத் தொடக்கத்தில் கொடுத்த வேலை, வீட்டில் இருக்கும் ஒருவரை அவர் இல்லாமலே படம் எடுப்பது. பாத்திரம், சீப்பு, மூக்குக்கண்ணாடி என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். உம்மணாமூஞ்சி கொண்டுவந்தது அவளுடைய அப்பாவின் செருப்பு. வாசற்படியில் ஒரு ஜோடி. ஒன்று தேய்ந்து, வார் வெளுத்து, குதிகாலில் பள்ளம் விழுந்தது. மற்றொன்று கடையிலிருந்து வந்தபடியே புத்தம் புதுசு. அப்பாவுக்கு ஒரு கால் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம், பார்த்தாலே தெரியும். வகுப்பே உச்சுக் கொட்டியது.

அந்த உச்சுதான் கத்தரியை உசுப்பிவிட்டது. அவள் அட்டையைக்கூட எடுக்கவில்லை.

“இது படம் இல்ல. அனுதாபம் கேட்டு எழுதுன விண்ணப்பம். இந்த மாதிரி நான் பேப்பர்ல எத்தனையோ வித்திருக்கேன். அழிச்சிடு.”

உம்மணாமூஞ்சி எதிர்த்துப் பேசவில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மௌனமானவள் பிறகு வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவளுக்குப் பதிலாக மற்றவர்கள் திறந்தார்கள். பாடம் நடக்கும்போது எல்லா பேட்டரியும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோகும். கேமரா நிற்கும் முக்காலியின் திருகாணி காணாமல் போகும், ஒரு வாரம் கழித்துப் பூந்தொட்டியில் கிடைக்கும். கத்தரியும் சளைத்தவள் இல்லை. அசட்டையாக எடுத்த படத்துக்குச் சுழியம் போட்டுச் சுவரில் ஒட்டினாள். அவர்கள் ஒன்று செய்தால் இவள் இரண்டு செய்தாள்.

கண்காட்சிக்கு முன்பு கடைசி வேலை கொடுத்தாள். ஒரு ஆளை எடுக்க வேண்டும், முகம் மட்டும் வரக்கூடாது. ஆனால் பார்த்த உடனே இன்னார் என்று தெரிய வேண்டும். முதுகோ முழங்கையோ, எதை எடுத்தாலும் சரி.

வகுப்பு கூடிப் பேசியது. வழக்கமாக இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று கட்சியாகப் பிரிகிற வகுப்பு அது, அன்றைக்கு ஒரே கட்சி. குறிப்பிட்ட நாளில் கத்தரி அறைக்குள் வந்தபோது குறுக்கே கட்டிய கயிற்றில் படங்கள் வரிசையாகக் கிளிப் மாட்டித் தொங்கின. பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எல்லாப் படத்திலும் அவள்தான் இருந்தாள்.

ஊக்கு குத்திய செருப்பு வார். கொண்டையில் செருகிய பென்சில். கிடங்கு அறையில் சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற முதுகு. பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் முண்டியடிக்க ஒதுங்கி நிற்கிற நிழல். மேசையில் தலை கவிழ்ந்து தூங்கும்போது வெளியே தொங்கிய கால். நாள்கணக்காகப் பின்னாலேயே திரிந்திருக்கிறார்கள். யாரோ தன் வீட்டு அலமாரியைத் திறந்து துணிமணிகளைத் தெருவில் கொட்டிவிட்டதைப் போல அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஓடவில்லை. அட்டையை எடுத்தாள்.

கயிற்றின் ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாக அறுத்தாள். செருப்புப் படத்தில் பாதி வெறும் தரை, மூன்று மதிப்பெண். கொண்டைப் படத்தில் வெளிச்சம் தப்பு, நான்கு. தூங்குகிற கால் யாருடைய காலாகவும் இருக்கலாம், ஆளைச் சொல்லவில்லை, சுழியம். “என்னைக் கேவலப்படுத்தணும்னா அதையாவது உருப்படியா செய்யுங்க” என்றாள். பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள், அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கடைசிப் படத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

கிடங்கு அறையின் மேசை. மேலே கறுப்பு அட்டைகள் இரண்டு, அவற்றின் பக்கத்தில் கண்ணாடி டம்ளர். அட்டையின் விளிம்பும் டம்ளரின் வாயும் கத்தி போலத் தெளிவாக இருந்தன. டம்ளரைச் சுற்றி மேசையில் தெறித்த தண்ணீர்த் துளிகள்கூட எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் துலக்கம். தண்ணீர் ஊற்றுகிற கையும் பாட்டிலும் மட்டும் கலங்கிப் புகையாகியிருந்தன. கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் அசையாமல் வைத்து, கதவுச் சந்தில் காத்திருந்து, நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்த படம். அசையாதது துலங்கும், அசைவது கலங்கும். பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவள் இவளேதான்.

அந்த வருடத்தின் சிறந்த படம் அது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எடுத்தது யார் என்று கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

“கேமரா ஆடியிருக்கு. ஃபெயில்” என்றாள்.

கடைசி பெஞ்சிலிருந்து, பல மாதங்களுக்குப் பிறகு, அந்தக் குரல் வந்தது.

“டம்ளரப் பாருங்க மிஸ்.”

கத்தரி டம்ளரைப் பார்க்கவில்லை. வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

வீட்டுக்குப் போயும் அது விடவில்லை. அவள் பல பேரை அழவைத்திருக்கிறாள், அதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. ஆனால் நல்ல படத்தை மோசம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதுவும் அந்தப் பெண்ணின் கண் முன்னால். வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்று பிரித்துப் பார்க்க அவள் தயாராக இல்லை.

கண்காட்சியன்று காலை எல்லோருக்கும் முன்பாக வந்து அந்தப் படத்தை நடுச்சுவரில் மாட்டினாள். வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முகமில்லாத படம், முதல்வருக்கு அது யார் கை என்று தெரியப்போவதில்லை. படத்துக்கும் நியாயம் செய்தாயிற்று, வேலைக்கும் பங்கம் வராது என்று கணக்குப் போட்டிருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டது.

பெற்றோர்கள் வருவதற்கு முன்பு முதல்வர் அம்மாள் ஒரு சுற்றுப் பார்க்க வந்தார். பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் நடுச்சுவரில் முகத்தைச் சுளித்தார்.

“இது என்ன கலங்கிப்போய் இருக்கு? யாரு எடுத்தது? கை ஆடிடுச்சா?”

உம்மணாமூஞ்சி ஒரு அடி முன்னால் வந்தாள். பதில் சொல்வதற்குள் முதல்வரே படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். போட்டிக்குப் போகிற இடத்தில் இதை மாட்டினால் பள்ளியின் மானம் என்னாவது, போன வருடம் எடுத்த கட்டடப் படத்தை மாட்டுங்கள் என்றார். பிறகு, நல்ல செய்தி சொல்கிற குரலில் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வருஷத்துல இருந்து இந்த வம்பே இல்ல. ஸ்டுடியோக்காரர நிறுத்தியாச்சு. விளையாட்டு விழா, ஆண்டு விழா எல்லாத்தையும் நம்ம மிஸ்தான் எடுக்கப்போறாங்க. பேப்பர்ல இருந்தவங்க, கை கல்லு மாதிரி நிக்கும். அதுக்குத்தான் அவங்கள நிரந்தரமாவே எடுத்துக்கறோம்.”

கத்தரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். உம்மணாமூஞ்சியின் பார்வை அவள் முகத்தில் நின்றது, தோள் வழியாக இறங்கி, அந்தக் கட்டிய கைகளின் பக்கம் போனது. தான் எடுத்த படம் எதைக் கவிழ்க்கும் என்று அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அந்த முகத்திலிருந்த எள்ளும் கொள்ளும் அடங்கின. அது இளகியது.

“ஆமா மேடம். என் கைதான் ஆடிடுச்சு.”

கத்தரிக்குத் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பச்சை பிளாஸ்டிக் டம்ளர். அதே இளக்கம், அதே கண். அண்ணி, உங்களுக்கு இதுதான் வசதி. அதுவும் யாரிடமிருந்து? ஒரு வருடமாகத் தன்னோடு மல்லுக்கு நின்ற எதிரியிடமிருந்து. பூட்டுக்கடை மாடி இந்தப் பெண் போட்ட பிச்சையாகிவிடும் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“பொய் சொல்றா மேடம்” என்றாள்.

முதல்வர் திரும்பிப் பார்த்தார். கத்தரி அவர் கையிலிருந்த படத்தைக் காட்டி, வகுப்பில் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

“இந்த டம்ளரப் பாருங்க. துளியப் பாருங்க. எடுத்தவ கை ஆடியிருந்தா இதெல்லாமும் சேர்ந்து ஆடியிருக்கும். இதுல ஆடுறது ஒண்ணே ஒண்ணுதான். அது என் கை.”

நம்பாமல் பார்த்தவருக்காகக் கறுப்பு அட்டைகளைக் கைக்கு ஒன்றாக எடுத்து நீட்டினாள். அட்டைகள் ஒன்றோடொன்று மோதித் தட்டிக்கொண்டே இருந்தன.

எத்தனை நாளாக என்று முதல்வர் கேட்டார். இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே என்றாள். அப்படியென்றால் இந்தப் படைப்பூக்கம் எல்லாம் என்று தொடங்கியவர், பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து வாக்கியத்தை விழுங்கினார். சாயங்காலம் அறைக்கு வரச்சொல்லிவிட்டு, படத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நிரந்தரம் என்று இன்னொரு தடவை சொல்லவில்லை. அவர் போன தோரணையிலேயே கத்தரிக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் தம்பி வீடுதான்.

பெற்றோர்களை அழைத்துவரப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். உம்மணாமூஞ்சி மட்டும் போகவில்லை.

“எதுக்கு மிஸ் சொன்னீங்க? அதான் நான் ஏத்துக்கிட்டேன்ல?”

“உன்கிட்ட யாரு இரக்கம் கேட்டா?”

“நான் மட்டும் உங்ககிட்ட கேட்டேனா?”

கத்தரிக்குப் புரியவில்லை. புரியாததை மறைக்க எரிச்சலாக, என்ன உளறுகிறாய் என்றாள்.

“அப்பா செருப்பு. அனுதாபம் கேட்டு விண்ணப்பம்னு சொன்னீங்களே, அது எங்க வீட்டு ஜோக் மிஸ். எங்கப்பாதான் ரெண்டையும் அப்படி வரிசையா வெச்சாரு. ‘ஒண்ணு தேயவே இல்ல பாத்தியா, உங்கப்பன் எவ்வளவு சிக்கனம்’னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் சிரிச்சுக்கிட்டேதான் எடுத்தேன். அதுல அழுகையப் பாத்தது நீங்க.”

கத்தரிக்கு அந்தப் படம் கண் முன்னால் வந்தது. வாசற்படி நினைவுக்கு வந்தது, ஜோடி நினைவுக்கு வந்தது. இரண்டு செருப்பும் ஒன்றையொன்று கேலி செய்கிற மாதிரி கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி இருந்தன. அன்றைக்கு அதைப் பார்த்தாள், பார்த்தும் பார்க்கவில்லை. அத்தனை வருடம் அடுத்தவர் கஷ்டத்தைப் படமெடுத்து விற்ற கண்ணுக்கு ஒற்றைக் கால் என்றதும் வேறெதுவும் தெரியாமல் போயிருக்கிறது. வகுப்பு உச்சுக் கொட்டியதற்கு அந்தப் பெண் மேல் பாய்ந்திருக்கிறாள்.

“அந்தப் படம் இருக்கா?”

“அழிச்சிட்டேன். நீங்கதான அழிக்கச் சொன்னீங்க.”

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கேட்டாலும் அந்தப் பெண் வாங்கிக்கொண்டிருக்க மாட்டாள். கத்தரி மேசையிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு நடுச்சுவருக்குப் போனாள். ஒரு மூலையை அழுத்திப் பிடித்து, மற்ற கையால் குத்தூசியைக் கொண்டுபோனாள். ஊசி சுவரில் படாமல் விரலில் குத்தியது. மறுபடி போனாள், கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். வெளியே தாழ்வாரத்தில் பெற்றோர்களின் பேச்சுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

உம்மணாமூஞ்சி உதவிக்கு வரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள், முகத்தில் பழைய எள்ளும் கொள்ளும் திரும்பியிருந்தன. நான்கு மூலையிலும் ஊசி ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வலது பக்கம் இறங்கியிருக்கு” என்றாள் பிறகு.

கத்தரி பின்னால் வந்து பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. மறுபடியும் போய் அந்த ஊசியைப் பிடுங்கினாள்.